இருபத்தைந்து வரிகளில் ஒரு பிள்ளை

மலேசியப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது? சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வு இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் சொல்லிவந்த பதில்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். 1996இல் 13 விழுக்காடு. 2011இல் 20. 2015இல் 12.1. 2019இல் 7.9. 2023இல் 16.5.

ஏறுகிறது, இறங்குகிறது, பிறகு நான்கே ஆண்டில் இரண்டு மடங்காகிறது. கடைசி எண்ணை ஆள்கணக்கில் சொன்னால், ஐந்து முதல் பதினைந்து வயது வரை உள்ள ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆறு பேரில் ஒருவர்.

டெங்கிக் காய்ச்சல் இப்படி ஏறி இறங்கினால் கொசு எங்கே பெருகியது என்று தேடுவோம். இங்கே முதலில் தேட வேண்டியது எந்தத் தாளில் கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள் என்பதை. இவை மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையையும் எதிரில் உட்காரவைத்துப் பேசிக் கண்டறிந்த எண்கள் அல்ல. ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். பெற்றோரிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துப் பதில் வாங்கினார்கள். பதில்களுக்குப் புள்ளி போட்டுக் கூட்டினார்கள். 1996இல் கேட்ட பட்டியல் வேறு, 2015இல் கேட்ட பட்டியல் வேறு. அதனால் அந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே கோட்டால் இணைத்துவிட்டு, நடுவில் பிள்ளைகள் குணமாகிப் பிறகு மீண்டும் நோயில் விழுந்தார்கள் என்று கதை சொல்ல முடியாது.

2019க்கும் 2023க்கும் இடையில் நடந்ததோ நம் எல்லாருக்கும் தெரியும். பெருந்தொற்று வந்தது, பள்ளிகள் மூடின, பிள்ளைகள் கைப்பேசித் திரைக்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்த ஏற்றத்தில் உண்மையான துன்பம் இருக்கிறது என்றே நம்புகிறேன். கூடவே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பல பெற்றோர் தம் பிள்ளையைப் பகல் முழுவதும் பக்கத்திலிருந்து பார்த்ததே முதல் முறை. பார்த்தவர் கூடுதலாகச் சொல்வார். பெற்றோரின் கண்ணை நம்பி நிற்கும் ஓர் அளவை, அந்தக் கண்ணுக்குக் கிடைத்த நேரத்தையும் சேர்த்தே அளக்கும். பிள்ளையைப் பார்க்கப் பெற்றோருக்குக் கிடைக்கும் நேரம், வேறெந்த மாநிலத்தையும்விட ஜொகூருக்கு நெருக்கமான விஷயம்; ஏன் என்று பிறகு பார்ப்போம்.

தாளில் என்ன இருக்கிறது?

தேசிய ஆய்வு அண்மைச் சுற்றுகளில் பயன்படுத்திய தாளின் பெயர் எஸ்.டி.க்யூ. பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் பட்டியல். லண்டனில் உளமருத்துவராக இருந்த ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்டார். ஒரே பக்கம், இருபத்தைந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'உண்மையல்ல', 'ஓரளவு உண்மை', 'நிச்சயம் உண்மை' என்ற மூன்றில் ஒன்றில் குறியிட வேண்டும். சுழியம், ஒன்று, இரண்டு எனப் புள்ளி.

இருபத்தைந்தும் ஐந்து கட்டுகளாகப் பிரிகின்றன. முதல் கட்டு மனத்தின் வலியைப் பற்றியது: கவலை, பயம், அழுகை, புது இடத்தில் நடுக்கம், அடிக்கடி வரும் தலைவலியும் வயிற்று வலியும். இரண்டாவது நடத்தை: கோபம், சண்டை, பொய், திருட்டு. மூன்றாவது துறுதுறுப்பும் கவனச் சிதறலும். நான்காவது சக வயதினருடன் உள்ள உறவு. ஐந்தாவது மட்டும் நல்லதைத் தேடுகிறது: பகிர்ந்துகொள்கிறதா, சின்னப் பிள்ளைகளிடம் அன்பாக இருக்கிறதா, யாருக்காவது அடிபட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறதா. முதல் நான்கு கட்டுகளையும் கூட்டினால் உச்சம் நாற்பது. பெற்றோர் நிரப்பிய தாளில் பதினேழும் அதற்கு மேலும், ஆசிரியர் நிரப்பியதில் பதினாறும் அதற்கு மேலும் வந்தால் பிள்ளையைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

இந்த வரம்புகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பிரிட்டனில் நூறு பிள்ளைகளை எடுத்தால் ஏறத்தாழ எண்பது பேர் சாதாரண வரம்புக்குள்ளும், பத்துப் பேர் ஓரத்திலும், பத்துப் பேர் மேலேயும் வரும்படி கோடு கிழிக்கப்பட்டது. பத்து விழுக்காடு என்பது கிழித்தவர்கள் எடுத்த முடிவு. அதே கோட்டை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, பதினாறு விழுக்காட்டினர் மேலே வருகிறார்கள் என்றால், அங்கே நோய் கூடுதல் என்றும் இருக்கலாம், கோடு பொருந்தவில்லை என்றும் இருக்கலாம். அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து எதுவென்று சொல்லிவிட முடியாது.

இந்தத் தாளைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அதில் எனக்கு மதிப்பு உண்டு. காகிதப் படிவம் இலவசம். தமிழ், மலாய் உட்பட எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். பிள்ளையின் குறைகளை மட்டும் தோண்டாமல் நல்லதையும் கேட்பதால் தாய்மாருக்குக் கூச்சம் குறைகிறது. முன்பு மேல் வரம்புக்கு 'அசாதாரணம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்; பின்னர் வந்த நான்கு படிப் பிரிப்பில் அது 'உயர்வு', 'மிக உயர்வு' என்று மாறியது. ஒரு தாயின் கையில் கொடுக்கும் தாளில் அந்த மாற்றம் சிறியது அல்ல.

அமைதியான பிள்ளை யார் கண்ணில் படும்?

பிள்ளைகளின் மனத்தைப் புள்ளியாக்கும் முயற்சிக்கு நூறு வயதாகப் போகிறது. 1928இல் அமெரிக்காவில் விக்மன் என்ற ஆய்வாளர் 511 ஆசிரியர்களிடமும் 30 மனநல நிபுணர்களிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து, பிள்ளைகளின் எந்தச் செயல் எவ்வளவு கவலைக்குரியது என்று கேட்டார். வகுப்பைக் குலைப்பதும் எதிர்த்துப் பேசுவதும் ஒழுக்கக் கேடுமே பெரியவை என்றார்கள் ஆசிரியர்கள். நிபுணர்கள் கவலைப்பட்டது வேறு பிள்ளைகளைப் பற்றி: ஒதுங்கியிருக்கும் பிள்ளை, பேசாத பிள்ளை, எதற்கும் சந்தேகப்படும் பிள்ளை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறிபவன் யாருக்கும் தெரிவான். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவளுக்கு 'நல்ல பிள்ளை' என்று பெயர்.

1960களின் நடுவில் இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளை ஒருவர் விடாமல் ஆராய்ந்தார்கள். பெற்றோருக்கு ஒரு தாள், ஆசிரியருக்கு ஒரு தாள். குட்மேனின் பட்டியலுக்கு மூதாதை அந்தத் தாள்களே. அங்கே வெளிப்பட்டது இன்றுவரை இந்தத் துறையைத் தொந்தரவு செய்கிறது. பெற்றோர் தாள் காட்டிக்கொடுத்த பிள்ளைகளும் ஆசிரியர் தாள் காட்டிக்கொடுத்த பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு பிள்ளைகள். அதே தீவில் பதினான்கு, பதினைந்து வயதானவர்களை நேரில் பேசவைத்தபோது, வீட்டுக்கும் பள்ளிக்கும் தெரியாத சோகம் அவர்களுக்குள் இருந்தது.

1987இல் தாமஸ் அக்கன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்த 119 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். தாயும் தந்தையும் போல ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்கும் இருவரின் மதிப்பீடுகளுக்கு இடையே ஒப்புமை 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடத்தில் பார்ப்பவர்களுக்கு இடையே 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் பெரியவர்கள் சொல்வதும் ஒத்துப்போவது 0.22 அளவுக்கே. முழு ஒப்புமை என்றால் ஒன்று. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து 341 ஆய்வுகளை வைத்து மீண்டும் கணக்கிட்டார்கள். பெரியவர்களுக்குள்ளும் பிள்ளையோடும் சேர்த்துப் பார்த்த பொது ஒப்புமை அப்போதும் 0.28.

இதைக் கேட்டதும் தாளே உதவாது என்று தூக்கிப் போடத் தோன்றும். அது தவறு. வீட்டில் அடங்கியிருக்கும் பையன் பள்ளியில் அடிக்கிறான் என்றால் இரண்டுமே உண்மை. வீட்டில் அவனுக்கு என்ன பயம் என்று கேட்க வழி பிறக்கிறது. பள்ளியில் சிரித்துப் பேசும் பெண் வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்விடுகிறாள் என்றால் அதுவும் உண்மை. இரண்டு தாளின் புள்ளியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இந்தச் செய்தி அழிந்துபோகும். வேறுபாட்டை அப்படியே வைத்துப் படிக்க வேண்டும்.

காலை நாலரை மணிக்குப் புறப்படும் அப்பா

இனி ஜொகூருக்கு வருவோம். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்க 1924இல் கட்டி முடித்த ஒரு கிலோமீட்டர் பாலத்தின் மேல் பெருந்தொற்றுக்கு முன்பே நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் போய்வந்தார்கள். ஸ்கூடாய், மாசாய், தம்போய், பெர்லிங், தாமான் யூனிவர்சிட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், விடியுமுன்னே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் புறப்படும் தகப்பன்மார் இருக்கிறார்கள். தாயும் சேர்ந்தே போகும் வீடுகள் குறைவல்ல. நாலரைக்குப் புறப்பட்டவர் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வீடு சேர்வார். பிள்ளை தூங்கும்போது போய், பிள்ளை தூங்கப் போகும்போது வருகிறார். நடுவில் பிள்ளை பாட்டியிடமோ, பராமரிப்பு மையத்திலோ, தானாகவோ இருக்கிறது.

அந்த வீட்டுக்கு ஒரு தாள் வருகிறது. கிளினிக்கில் தாதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அம்மா, போன ஆறு மாசத்த நெனச்சுச் சொல்லுங்க. பையன் அடிக்கடி வயித்து வலின்னு சொல்றானா?" அம்மா யோசிக்கிறார். "எங்கிட்ட சொன்னதில்ல மிஸ்ஸி. எங்க அம்மாகிட்ட சொல்லியிருப்பான்." தாளில் 'உண்மையல்ல' என்ற கட்டத்தில் குறி விழுகிறது. அது பொய் அல்ல, அந்த அம்மா அறிந்த அளவுக்கு. காலையில் பள்ளிச் சீருடையைப் போட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பேரனைப் பார்ப்பவர் பாட்டி. பாட்டியைத் தாள் கேட்கவில்லை.

நம் வீடுகளில் மனத்தின் வலி உடம்பின் வழியாகத்தான் முதலில் வெளியே வரும். 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்வதை நாம் பெரும்பாலும் கேட்டதில்லை. தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது, சாப்பாடு வேண்டாம் என்றுதான் சொல்லும். குட்மேனின் தாள் உடம்பு வலியை மனத்தின் கட்டில் வைத்திருப்பதை அதனால்தான் மெச்சுகிறேன். ஆனால் அந்த வலியை யார் பார்க்கிறாரோ அவர் கையில் பேனா இருக்க வேண்டும்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லை மூடியது. அதற்கு முந்தைய இரவு, வேலையைக் காப்பாற்றத் துணிமூட்டையோடு ஆயிரக்கணக்கானோர் சிங்கப்பூருக்குள் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனவர்கள் அவர்கள். ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு வந்தது: குறைந்தது மூன்று மாதம் அங்கே தொடர்ந்து வேலை செய்தால் வீட்டுக்கு வந்துபோகலாம். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1இல். பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் பிள்ளை; நடுவே கைப்பேசித் திரை. நடந்தே கடக்கக்கூடிய தூரம் அது. ஜொகூரின் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தாய் தகப்பனை இப்படிப் பிரிந்திருந்து வளர்ந்தார்கள். 'கடந்த ஆறு மாதங்களில்' என்று தொடங்கும் ஒரு கேள்வியை அந்த அப்பாவிடம் நீட்டினால் அவர் எதைச் சொல்வார்?

தாமானிலிருந்து தோட்டத்துக்கு

ஜொகூரில் எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நகரத்தில் பிள்ளைகள் நிரம்பி வழியும் பள்ளிகளும் உண்டு, செம்பனைக் காட்டுக்கு நடுவே சில பத்துப் பேரோடு நிற்கும் பள்ளிகளும் உண்டு. நூற்றைம்பதுக்குக் கீழே போனால் அரசாங்கக் கணக்கில் அது 'குறைந்த மாணவர்' பள்ளி. அந்தச் சிறு பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆனாலும் மனநலத் தாளைப் பொறுத்தவரை அவற்றுக்கு ஒரு வலிமை இருக்கிறது. வகுப்பில் பதினொரு பேர் என்றால் டீச்சருக்குப் பதினொரு பேரின் வீடும் தெரியும். யாருடைய அப்பா குடிக்கிறார், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார் என்று கேட்காமலே சொல்வார். அவர் நிரப்பும் தாளுக்கும் நகரத்தில் நாற்பது பேருக்கு நடுவில் நிற்கும் ஆசிரியர் நிரப்பும் தாளுக்கும் ஒரே வரம்பு: பதினாறு.

பன்னிரண்டு வயதில் இன்னொரு பிளவு. ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றிலோ புகுமுக வகுப்பிலோ போய் உட்காருகிறது. பாடம் மலாயில். நண்பர்கள் சிதறிவிட்டார்கள். எஸ்.டி.க்யூ. தாளைப் பிள்ளை தானே நிரப்பும் வயது பதினொன்றில் தொடங்குகிறது. ஆக, தன் மனத்தைப் பற்றித் தானே எழுதும்படி முதன்முதலாகக் கேட்கப்படும் வயதில், அந்தப் பிள்ளை தன் மொழியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. கையில் கிடைக்கும் தாள் மலாய்த் தாளாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மலாய் தெரியாத பிள்ளை அல்ல. தேர்வு எழுதும் அளவுக்குத் தெரியும். ஆனால் அம்மாவிடம் அழும் மொழி அது அல்ல. தமிழ்த் தாள் இருக்கும்போது அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதில் என்ன தடை?

மாநிலத்தின் வடக்கே சிகாமட் மாவட்டத்தில் மோனாஷ் பல்கலைக்கழகம் 2011 முதல் சியாக்கோ என்ற சமுதாய சுகாதாரக் கண்காணிப்பு நிலையத்தை நடத்திவருகிறது. பெக்கோக், சாஆ உள்ளிட்ட ஐந்து முக்கிம்களில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். மலாய்க்காரர், சீனர், தோட்டத்து இந்தியர், பூர்வகுடியினர் எல்லாரும் அதில் உண்டு. அதே குடும்பங்களிடம் மீண்டும் மீண்டும் போவதும், வீட்டு வாசலில் அவரவர் ஊர்க்காரர்களே நின்று கேட்பதும் அதன் முறை. மனநலத் தாள்களுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். ஒரு முறை எடுத்த புள்ளி அந்த வாரத்துச் சண்டையைக் காட்டலாம். அதே வீட்டில் ஆண்டுதோறும் எடுத்தால் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

பதின்ம வயதினரிடம் நேரடியாகக் கேட்ட கணக்கும் இருக்கிறது. 2017இல் நாடு முழுதும் பதின்மூன்று முதல் பதினேழு வயது மாணவர்கள் 'டாஸ்-21' என்ற ஆஸ்திரேலியப் பட்டியலைத் தாங்களே நிரப்பினார்கள். 18.3 விழுக்காட்டினர் மனச்சோர்வின் வரம்பையும் 39.7 விழுக்காட்டினர் பதற்றத்தின் வரம்பையும் தாண்டினார்கள். பத்தில் நான்கு பேருக்குப் பதற்றம்! அந்தப் பட்டியலில் பதற்றத்தை அளக்கும் கேள்விகள் வாய் உலர்வதையும் மூச்சு வாங்குவதையும் கை நடுங்குவதையும் கேட்கின்றன, அதுவும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. 1995இல் அதை உருவாக்கியபோது ஆராய்ந்தது பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களை. தேர்வு வாரத்தில் இருக்கும் படிவம் மூன்று மாணவிக்கு அந்த மூன்றும் இல்லாவிட்டால்தான் வியப்பு. பத்தில் நான்கு பேர் நோயாளிகள் என்று அதைப் படிக்கக் கூடாது. பத்தில் நான்கு பேரிடம் உட்கார்ந்து இன்னும் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று படிக்க வேண்டும்.

ஆயிரம் பிள்ளைகளை வைத்து ஒரு கணக்கு

வரம்பைத் தாண்டினால் நோய் என்றும், தாண்டாவிட்டால் நலம் என்றும் எடுத்துக்கொள்வதே இந்தத் தாள்களுக்கு நேரும் பெரிய அநியாயம். குட்மேனும் அவருடைய குழுவும் 2000இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வில் எட்டாயிரம் பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைவானோர். பெற்றோர், ஆசிரியர், வயது வந்தால் பிள்ளை என எல்லாத் தாள்களையும் சேர்த்துப் பார்த்து, பிறகு முறையான உளமருத்துவ மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்கள். மனநலக் கோளாறு உள்ள பிள்ளைகளில் 63.3 விழுக்காட்டினரைத் தாள்கள் பிடித்தன. கோளாறு இல்லாதவர்களில் 94.6 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட்டன.

இதை ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வைத்துப் பாருங்கள். நூறு பேருக்கு உண்மையிலேயே கோளாறு இருக்கிறது என்று கொள்வோம். தாள் அவர்களில் அறுபத்து மூன்று பேரைக் காட்டும். முப்பத்தேழு பேர் தப்பிவிடுவார்கள். மீதித் தொள்ளாயிரம் பேரில் நாற்பத்தொன்பது பேரைத் தவறாகச் சுட்டும். ஆலோசகர் அறைக்கு அழைக்கப்படும் நூற்றுப் பன்னிரண்டு பேரில் நாற்பத்தொன்பது பேருக்குக் கோளாறே இல்லை. அவர்களை அழைத்துப் பேசுவதால் கெடுதல் இல்லை, பெயர் சூட்டாத வரைக்கும். என் கவலை அந்த முப்பத்தேழு பேரைப் பற்றியது. நடத்தைச் சிக்கல், துறுதுறுப்பு, மனச்சோர்வு ஆகியவற்றை இந்தத் தாள் எழுபது விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கிறது. அம்மாவைப் பிரிய முடியாத பயம், குறிப்பிட்ட ஒன்றின் மேல் பேரச்சம், உணவுக் கோளாறு ஆகியவற்றில் பாதியைக்கூடப் பிடிப்பதில்லை. இது மூன்று தாள்களும் கையில் இருக்கும்போது. பெற்றோர் தாள் ஒன்று மட்டும் என்றால் தப்புபவர்கள் இன்னும் கூடுவார்கள். நம் தேசிய ஆய்வு சாய்ந்திருப்பது அந்த ஒரு தாளின் மேல்.

நாடு மாறினால் கோடும் தள்ளாடுகிறது. வங்கதேசம், பிரேசில், பிரிட்டன், இந்தியா, நார்வே, ரஷ்யா, ஏமன் ஆகிய ஏழு நாடுகளின் தரவுகளை வைத்து 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒரு நாட்டில் தாளின் புள்ளி உயர்வாக இருப்பதால் மட்டும் அங்கே கோளாறு கூடுதல் என்று சொல்ல முடியாது என்று காட்டியது. இந்தியாவுக்குள்ளேயே எவ்வளவு இடைவெளி! பெங்களூரில் 2005இல் வெளியான கணக்கு பதினாறு வயது வரையிலான பிள்ளைகளில் 12.5 விழுக்காடு, கோவாவின் பதின்ம வயதினரிடம் 2008இல் வெளியானது 1.8. வயதும் வேறு, கேட்ட முறையும் வேறு. தமக்குரிய அளவை வேண்டும் என்று நினைத்தவர்களும் உண்டு. சண்டிகரில் சவிதா மல்கோத்ராவும் உடன் பணியாற்றியவர்களும் 1988இலேயே, அக்கன்பாக்கின் நீண்ட பட்டியலை அடியொற்றி இந்தியப் பிள்ளைகளுக்கென 75 கேள்விகள் கொண்ட அளவையை உருவாக்கினார்கள்.

மலேசியாவில் 2015, 2019 ஆகிய இரண்டு ஆய்வுகளிலும் மற்ற எல்லாக் கட்டுகளையும் மிஞ்சி நின்றது சக வயதினர் உறவுச் சிக்கல். நம் பிள்ளைகள் அவ்வளவு தனிமையிலா இருக்கிறார்கள்? ஓரளவுக்கு ஆமாம், தாமான் வீடுகளில் கேட்டைப் பூட்டிக்கொண்டு வளரும் பிள்ளைகள் இன்று ஏராளம். ஆனால் அந்தக் கட்டில் உள்ள ஒரு வாக்கியம், சக பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகும் இயல்பைச் சிரமமாக எண்ணிப் புள்ளி போடுகிறது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பவன், விருந்தினருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அத்தைமாரோடு பேசிக்கொண்டிருப்பவள் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பிள்ளைக்கு அங்கே இரண்டு புள்ளி கூடுகிறது. ஐந்து வாக்கியம் மட்டுமே கொண்ட ஒரு கட்டில் அது பிள்ளையைக் கோட்டுக்கு மிக அருகில் தள்ளிவிடும். பிரிட்டனுக்கு வெளியே பல நாடுகளில் இந்தக் கட்டின் ஐந்து வாக்கியங்களும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டவில்லை என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் மிகப் பெரிய எண் நம் அளவையின் மிகப் பலவீனமான கட்டிலிருந்து வருகிறது என்பதை அமைச்சு தன் அறிக்கைகளில் உரக்கச் சொல்ல வேண்டும்.

புள்ளி வந்த பிறகு

2019 மார்ச் 7இல் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் மயங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஜூனில் அதே வட்டாரத்தில் மீண்டும் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், மீண்டும் பள்ளிகள் மூடல். நஞ்சு உடம்புக்குச் செய்ததை இரத்தப் பரிசோதனை காட்டும். அதற்குப் பிறகு ஏதாவது வாசனை வந்தாலே வகுப்பை விட்டு ஓடத் தோன்றும் பிள்ளையை எதில் அளப்பது? இத்தகைய வேளையில் உதவக்கூடிய பின்தொடர் தாள் ஒன்று எஸ்.டி.க்யூ.வில் உண்டு. ஆறு மாதத்தை விட்டுவிட்டுக் கடந்த ஒரு மாதத்தை மட்டும் கேட்கும். முன்னே எடுத்த புள்ளி ஒன்று கையில் இருந்தால் பின்னே எடுத்ததை ஒப்பிடலாம். முன்னே எதுவும் இல்லையென்றால் பேரிடருக்குப் பிறகு எடுக்கும் எண் தனியாகத் தொங்கும். அமைதியான ஆண்டுகளில் பள்ளிகள் தாள் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை.

எடுத்த பிறகு பிள்ளை எங்கே போகும்? ஜொகூர்க்காரர்களுக்கு மனநல மருத்துவம் என்றதும் நினைவுக்கு வருவது தம்போய். 1937இல் திறந்த மருத்துவமனை, இன்று பெர்மாய் என்ற பெயரில் நடக்கிறது. வடக்கே தஞ்சோங் ரம்புத்தான் எப்படியோ, இங்கே தம்போய் அப்படி. சண்டையில் வசவாகவும் கேலியாகவும் அந்த ஊர்ப்பெயரை எத்தனை தலைமுறையாகப் பயன்படுத்திவிட்டோம். பிள்ளையை அங்கே அனுப்பச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே தாளில் உண்மையை மறைக்கும் தாயை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த பயத்தை வளர்த்தவர்கள் நாம். ஆரம்ப உதவிக்கு அங்கே போக வேண்டியதும் இல்லை; அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் காட்டினால், தேவை என்றால் அவர்களே நிபுணருக்கு அனுப்புவார்கள்.

இந்தத் தாள் உங்கள் கைக்கு வரும் நாளில் சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள், இருக்கிறது. வீட்டில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் பாட்டி என்றால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிரப்புங்கள். டீச்சருக்கும் ஒரு தாள் போனதா என்று கேளுங்கள். பதினொரு வயதுக்கு மேல் என்றால் பிள்ளை தன் தாளைத் தனியாக நிரப்பட்டும், தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காதீர்கள். இருபத்தைந்து வாக்கியங்களுக்குப் பிறகு, இந்தச் சிரமம் எவ்வளவு காலமாக இருக்கிறது, பிள்ளைக்கு அதனால் வேதனையா, வீட்டு வாழ்க்கையும் நட்பும் படிப்பும் விளையாட்டும் கெடுகின்றனவா என்று கேட்கும் இணைப்புப் பகுதி ஒன்று உண்டு. 1999இல் குட்மேன் சேர்த்தது. அவசரத்தில் அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முழுத் தாளிலும் முக்கியமான பகுதி அதுதான். பன்னிரண்டு புள்ளி எடுத்து இரவெல்லாம் அழும் பிள்ளைக்கு உதவி வேண்டும். பதினெட்டுப் புள்ளி எடுத்து ஓடியாடிச் சிரித்து, நண்பர்களோடு சேர்ந்து படிக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் பொறுமை போதும்.

கடைசியாக ஒரு பேச்சைத் தாளுக்காகக் காத்திருக்கவிடாதீர்கள். செத்துவிடலாம் போல இருக்கிறது என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும், எழுதிவைத்ததைப் பார்த்தாலும் அன்றைக்கே செயல்படுங்கள். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. போலீஸ் வரும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பிள்ளை வீட்டிலோ வெளியிலோ கொடுமைப்படுத்தப்படுகிறது என்ற ஐயம் இருந்தால் தாலியான் காசே உதவித் தொலைபேசி, 15999.